அமெரிக்க அதிபர் தேர்தலும் கட்சி சார்ந்த செய்தி ஊடகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், ஃபாக்ஸ் நியூஸில் ஒன்றும் சி.என்.என்.னில் நேர்மாறாக இன்னொன்றும் வருகிறதே, எதைத்தான் நம்புவது என்று உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, தெரிந்த பதிலை எழுதி வைத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. தேவையான இடத்தில் மேலே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு கட்சிக்கும் சொந்தமாக சேனல் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் பார்த்துப் பழகியதை வைத்து இந்தக் கேள்வி வருகிறது. குடியரசுக் கட்சிக்கோ ஜனநாயகக் கட்சிக்கோ சொந்தமான பெரிய செய்தி சேனல் எதுவும் அங்கே இல்லை. சி.என்.என். 1980இல் டெட் டர்னர் தொடங்கியது. எம்.எஸ்.என்.பி.சி. 1996 ஜூலையில் மைக்ரோசாஃப்டும் என்.பி.சி.யும் சேர்ந்து தொடங்கியது. 2025 நவம்பர் முதல் அதன் பெயர் எம்.எஸ். நவ். ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் ரூப்பர்ட் முர்டாக் தொடங்கியது. ஃபாக்ஸ் குடியரசுக் கட்சியின் பக்கமும் மற்ற இரண்டும் ஜனநாயகக் கட்சியின் பக்கமும் சாய்பவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் மூன்றும் லாபத்துக்காக நடத்தப்படும் நிறுவனங்கள். விளம்பரத்தாலும், கேபிள் சந்தாவிலிருந்து வீட்டுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் பங்காலும் அவை பிழைக்கின்றன.

ஆனால் ஆட்கள் அரசியலிலிருந்து சேனலுக்கும் சேனலிலிருந்து அரசியலுக்கும் போய்வருகிறார்கள். ஃபாக்ஸ் நியூஸின் முதல் தலைவரான ரோஜர் எய்ல்ஸ், 1968இல் ரிச்சர்ட் நிக்சனுக்குத் தொலைக்காட்சி ஆலோசகராக இருந்தவர். கிளின்டனின் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டெஃபனோபோலஸ் ஏ.பி.சி.யின் முக்கியத் தொகுப்பாளர் ஆனார். பைடனின் செய்தித் தொடர்பாளர் ஜென் சாக்கி எம்.எஸ்.என்.பி.சி.க்கும், டிரம்பின் செய்தித் தொடர்பாளர் கேலி மெக்கனனி ஃபாக்ஸுக்கும் போனார்கள். ஃபாக்ஸின் வார இறுதித் தொகுப்பாளர் பீட் ஹெக்செத், 2025இல் பாதுகாப்புத் துறையின் தலைமைக்கே வந்துவிட்டார்.

சிவப்பு எந்தக் கட்சி, நீலம் எந்தக் கட்சி?

சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. இது கட்சிகள் தேர்ந்தெடுத்த நிறமல்ல, தொலைக்காட்சி வரைபடத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் முடிவு தெரியாமல் வாரக்கணக்கில் அந்த வரைபடத்தையே நாடு பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இந்த வழக்கம் நிலைபெற்றது. 1980இல் என்.பி.சி.யின் வரைபடத்தில் ரேகன் வென்ற மாநிலங்கள் நீலமாகத்தான் இருந்தன.

ஒரே சேனலில் செய்தி எது, கருத்து எது என்று எப்படிப் பிரிப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது என்பது என் எண்ணம். நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் போன்ற நாளிதழ்களில் செய்திப் பிரிவும் தலையங்கப் பிரிவும் தனித்தனி ஆட்களைக் கொண்டவை. கருத்துக் கட்டுரை என்று மேலேயே அச்சிடுவார்கள். தொலைக்காட்சியில் அந்த வேலி கண்ணுக்குத் தெரியாது. ஃபாக்ஸில் மாலை 6 மணிக்கு பிரெட் பேயர் நடத்துவது செய்தி நிகழ்ச்சி, இரவு 9 மணிக்கு ஷான் ஹானிட்டி நடத்துவது கருத்து நிகழ்ச்சி. ஆனால் திரையின் அடியில் ஓடும் எழுத்தும் மூலையில் இருக்கும் முத்திரையும் ஒன்றே. 2018 நவம்பரில் மிசௌரி மாநிலத்தில் நடந்த டிரம்பின் பிரசாரக் கூட்டத்தில் ஹானிட்டி மேடையேறிப் பேசினார். அதைத் தாங்கள் ஏற்கவில்லை என்று சேனல் அறிக்கை விட்டது. அவருடைய நிகழ்ச்சி வழக்கம்போலத் தொடர்ந்தது.

நீதிமன்றத்தில் மட்டும் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக வெளிவருகிறது. ஃபாக்ஸின் கருத்துத் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சனின் பேச்சுக்காக அந்தச் சேனல் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில், அவருடைய நிகழ்ச்சியின் பொதுவான தொனியைப் பார்க்கும் எவரும் அவர் உண்மைத் தகவல்களைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற ஃபாக்ஸின் வாதத்தை ஏற்று 2020இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். எதிர்முகாமில் எம்.எஸ்.என்.பி.சி.யின் ரேச்சல் மேடோ மீது ஒரு வலதுசாரி சேனலின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கும் ஏறக்குறைய அதே காரணத்தால் தோற்றது. திரையில் செய்தியாளரைப் போல உட்கார்ந்திருக்கும் ஒருவரை, நீதிமன்றத்தில் அவருடைய வழக்கறிஞரே மிகைப்படுத்திப் பேசும் விமர்சகர் என்று சொல்லிக் காப்பாற்றுகிறார்.

முன்பெல்லாம் அமெரிக்கப் பத்திரிகைகள் நடுநிலையாகத்தானே இருந்தன?

எந்த முன்பு என்பதைப் பொறுத்தது. குடியரசு பிறந்த காலத்தில் பத்திரிகை என்றாலே கட்சிப் பத்திரிகைதான். 1791இல் வெளியுறவு அமைச்சராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஃபிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞருக்குத் தம் துறையில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார். அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே ஃப்ரெனோ நடத்திய நேஷனல் கெஜட், ஜெஃபர்சன் அங்கம் வகித்த வாஷிங்டன் அரசையே தாக்கி எழுதியது. ஹாமில்டனோ தம் கருவூலத் துறையின் அச்சு வேலைகளை ஜான் ஃபென்னோவின் பத்திரிகைக்குக் கொடுத்து அதை வளர்த்தார்.

ஜேம்ஸ் காலெண்டர் என்பவரின் கதை இன்னும் சுவையானது. அதிபர் ஜான் ஆடம்ஸைத் திட்டி எழுதியதற்காக 1798ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டத்தின்கீழ் சிறை சென்றவர் அவர். ஜெஃபர்சன் அதிபரான பிறகு ரிச்மண்ட் நகர அஞ்சல் அதிகாரி பதவியை எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. 1802இல், ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமைப் பெண்ணான சாலி ஹெமிங்ஸுக்கும் இருந்த உறவை அம்பலப்படுத்தி எழுதினார். எழுதத் தூண்டியது ஆத்திரம். ஆனால் எழுதிய விஷயம் உண்மை என்றே இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கட்சி வெறியில் எழுதப்பட்டதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்பதை இந்தத் தொகுப்பு முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் நடுநிலைக் காலம் என்று நினைப்பது, சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. ஆகிய மூன்றே மூன்று சேனல்கள் இருந்த 1950 முதல் 1980 வரையிலான காலத்தை. எல்லா வீட்டுக்கும் சோப்பு விற்க வேண்டிய நிறுவனம் எந்த வீட்டையும் பகைத்துக்கொள்ளாது. அப்போதும் புகார் இல்லாமல் இல்லை. 1969 நவம்பர் 13 அன்று துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருக்கும் ஒரு சிறு கூட்டம் நாடு எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது என்று டெ மோய்ன் நகரில் வெளுத்து வாங்கினார். அந்தப் பேச்சை மூன்று சேனல்களும் நேரலையில் ஒளிபரப்பின.

இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற சட்டத்தை ரேகன் நீக்கியதால்தான் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது என்கிறார்களே?

பாதி சரி. 1949இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் கொண்டுவந்த நியாயக் கோட்பாடு என்ற விதியின்படி, உரிமம் பெற்ற வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும். அலைவரிசை பொதுச் சொத்து, எண்ணிக்கையில் குறைவானது என்பதே அதன் நியாயம். 1969இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1987இல் ஆணையம் அதைக் கைவிட்டது. அதற்குச் சற்று முன் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க முயன்றபோது ரேகன் தம் மறுப்பு அதிகாரத்தால் தடுத்திருந்தார். மறு ஆண்டே வலதுசாரித் தொகுப்பாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. அதுவரை சரி.

ஆனால் ஃபாக்ஸ் நியூஸும் எம்.எஸ்.என்.பி.சி.யும் கேபிளில் வருபவை. பொது அலைவரிசைக்கான அந்த விதியின் பிடி கேபிள் சேனல்கள் வரை நீளவில்லை. விதி இருந்திருந்தாலும் அவை வந்திருக்கும். வேட்பாளர்களுக்குச் சம நேரம் தர வேண்டும் என்ற 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு வேறு. அது இன்றும் இருக்கிறது, ஆனால் செய்தி நிகழ்ச்சிகளுக்கு 1959 முதல் விலக்கு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம்.

தேர்தல் ஆணையம் அறிவிக்காமல், சேனல்கள் எப்படி வெற்றியாளரை அறிவிக்கின்றன?

வாக்குகளை எண்ணி நாடு முழுமைக்கும் முடிவு அறிவிக்கும் ஆணையம் அங்கே கிடையாது. மத்தியத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு, அது தேர்தல் செலவையும் நன்கொடையையும் மட்டும் கண்காணிக்கும். தேர்தலை நடத்துவது மாநிலங்கள். அவை முடிவைச் சான்றளித்து, டிசம்பரில் 538 தேர்வாளர்கள் வாக்களித்து, ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் எண்ணிய பிறகே சட்டப்படி அதிபர் யார் என்பது உறுதியாகும். அதற்கு 270 வாக்குகள் வேண்டும். அதுவரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லாததால், 1848 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் பின்னாளில் சேனல்களும் கணித்துச் சொல்கின்றன. பின்தங்கியவர் இனி எட்டிப் பிடிக்கவே முடியாது என்று தோன்றினால் மட்டும் அறிவிப்பதற்கென்று, புள்ளியியல் அறிந்தவர்களைக் கொண்ட தனிக் குழு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கிறது.

தவறியதும் உண்டு. 2000ஆம் ஆண்டு தேர்தல் இரவில் ஃபுளோரிடா அல் கோருக்கு என்று சேனல்கள் அறிவித்தன. பிறகு திரும்பப் பெற்றன. அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பின் ஃபாக்ஸ் முந்திக்கொண்டு புஷ் என்றது, மற்றவை பின்தொடர்ந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் அதையும் திரும்பப் பெற்றன. அன்று ஃபாக்ஸின் முடிவுக் குழுவில் இருந்த ஜான் எல்லிஸ், புஷ்ஷின் சொந்த உறவினர். அசோசியேட்டட் பிரஸ் மட்டும் அந்த இரவில் புஷ் வென்றதாக அறிவிக்கவில்லை. கடைசியில் டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்த, 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் வென்றார்.

2020இல் ஃபாக்ஸே டிரம்புக்கு எதிராக அறிவித்ததாமே, அது எப்படி?

நவம்பர் 3 இரவு 11:20 மணிக்கு, வேறு எந்தச் சேனலும் வாய் திறப்பதற்கு முன், அரிசோனா பைடனுக்கு என்று ஃபாக்ஸ் அறிவித்தது. முந்தைய பதிலில் சொன்ன முடிவுக் குழுவின் வேலை அது. இரவு நேரத் தொகுப்பாளர்களுக்கும் அந்தக் குழுவுக்கும் சம்பந்தமில்லை. டிரம்பின் ஆட்கள் கொதித்தார்கள், திரும்பப் பெறச் சொல்லி வற்புறுத்தினார்கள். ஃபாக்ஸ் பெறவில்லை. அசோசியேட்டட் பிரஸ் சில மணி நேரம் கழித்து அதையே அறிவித்தது; மற்ற சேனல்கள் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தன. இறுதியில் வித்தியாசம் 10,457 வாக்குகள். மிக அவசரப்பட்ட அறிவிப்பு என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு சரியானது.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கோபித்துக்கொண்டு நியூஸ்மேக்ஸ் என்ற சிறிய சேனலுக்குத் தாவினார்கள். அடுத்த வாரங்களில், டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் வாக்குகளை மாற்றின என்று டிரம்பின் வழக்கறிஞர்களான ரூடி ஜூலியானியும் சிட்னி பவலும் ஃபாக்ஸ் நிகழ்ச்சிகளில் வந்து பேசினார்கள். பின்னர் ஃபாக்ஸ் மீது டொமினியன் தொடுத்த அவதூறு வழக்கில் வெளியான உள்செய்திகளில் அதே சேனலின் புகழ்பெற்ற முகங்கள் பவலை நம்ப முடியாதவர் என்று தங்களுக்குள் ஏசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நவம்பர் 12 அன்று, டிரம்பின் மோசடிப் புகாருக்கு ஆதாரம் இல்லை என்று ட்விட்டரில் சுட்டிக்காட்டிய சொந்தச் சேனலின் செய்தியாளரை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்று கார்ல்சன் சக தொகுப்பாளர்களுக்கு எழுதினார். நிறுவனத்தின் பங்கு விலை சரிகிறது என்பதும் அதே செய்தியில் இருந்தது. முடிவுக் குழுவில் இருந்து, அரிசோனா அறிவிப்பைத் திரையில் வந்து நியாயப்படுத்திய கிறிஸ் ஸ்டைர்வால்ட் 2021 ஜனவரியில் வேலை இழந்தார்.

கட்சி சார்ந்த சேனல் தன் பார்வையாளர்களை மயக்கி இழுத்துச் செல்கிறது என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். இந்த உள்செய்திகளைப் படித்தால், பார்வையாளர்களுக்குப் பயந்து நடுங்கும் ஒரு நிறுவனம்தான் தெரிகிறது. எதைச் சொன்னால் போய்விடுவார்கள் என்பது தெரிந்துவிட்டதால், தனக்கு உண்மை என்று தெரிந்ததை அதனால் உரக்கச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு பொய் சொன்னால் வழக்குப் போட்டு இழுத்து மூடிவிட முடியாதா?

மூட முடியாது, பணம் வாங்கலாம், அதுவும் கடினம். 1964இல் நியூயார்க் டைம்ஸுக்கு எதிராக அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த நகர அதிகாரி சலிவன் தொடுத்த வழக்கில், பொது வாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், சொன்னது பொய் என்பதோடு, பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று துளியும் கவலைப்படாமலோ சொன்னார்கள் என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கமாக, இன்னொருவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்கவே முடியாது.

டொமினியன் வழக்கில் அந்த மனம் எழுத்திலேயே கிடைத்துவிட்டது. மேலே சொன்ன உள்செய்திகள் அதனால்தான் அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டன. இயந்திரங்கள் பற்றிச் சொன்னவை பொய் என்று டெலவேர் மாநில நீதிபதி விசாரணைக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். தெரிந்தே சொன்னார்களா என்பது மட்டும் நடுவர் குழுவுக்கு விடப்பட்டது. 2023 ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு வாரத்துக்குள் கார்ல்சன் வெளியேற்றப்பட்டார். பொய்யைத் திருத்தி அந்தத் தொகுப்பாளர்கள் திரையில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை சமரசத்தில் இல்லை. ஆகவே ஃபாக்ஸை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதையின் பெரும்பகுதி இன்றும் தெரியாமல் இருக்கலாம்.

அப்படியானால் டிரம்ப் போட்ட வழக்கில் ஏ.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் பணம் கொடுத்தனவே, அவையும் பொய் சொன்னவைதானே?

இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ஏ.பி.சி. விஷயத்தில் பிழை இருந்தது. 2023இல் ஒரு சிவில் வழக்கில் நடுவர் குழு டிரம்ப் பாலியல் அத்துமீறலுக்குப் பொறுப்பானவர் என்று சொன்னது. ஸ்டெஃபனோபோலஸ் 2024 மார்ச்சில் நேரலையில் அதைப் பாலியல் வல்லுறவு என்று பலமுறை சொன்னார். நியூயார்க் சட்டத்தில் இரண்டும் வேறு. அந்த ஆண்டு டிசம்பரில் ஏ.பி.சி. 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சலிவன் தீர்ப்பின் பாதுகாப்பு இருந்தும் போராடாமல் பணிந்துவிட்டது என்று வருந்திய சட்ட அறிஞர்கள் பலர்.

சி.பி.எஸ். விஷயம் வேறு வகை. கமலா ஹாரிஸ் அளித்த நேர்காணலில் ஒரே கேள்விக்கான பதிலின் வெவ்வேறு பகுதிகள் இரண்டு நிகழ்ச்சிகளில் வந்தன. நேர்காணலைச் சுருக்கி வெளியிடுவது எல்லாச் செய்தி நிறுவனங்களும் செய்வது. ஆனால் தாய் நிறுவனமான பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு இணைய அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. 2025 ஜூலை தொடக்கத்தில் 1.6 கோடி டாலர் தர இசைந்தது. அந்த மாதமே ஒப்புதலும் கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்கிறது நிறுவனம். நம்புவது அவரவர் விருப்பம்.

எப்போதும் ஃபாக்ஸையே சொல்கிறீர்கள், ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான ஊடகங்கள் தவறே செய்ததில்லையா?

செய்திருக்கின்றன, பெரிய தவறுகள். 2004 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தபோது, இளவயதில் புஷ் தேசியக் காவல் படையில் ஒழுங்காகப் பணியாற்றவில்லை என்று காட்டும் ஆவணங்களை சி.பி.எஸ். வெளியிட்டது. அவை உண்மையானவை என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. தயாரிப்பாளர் நீக்கப்பட்டார், அடுத்த மார்ச்சில் டான் ராதர் மாலைச் செய்தித் தொகுப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி ஸ்டீல் தொகுத்து, 2017 ஜனவரியில் பஸ்ஃபீட் என்ற இணைய ஊடகம் வெளியிட்ட ஆவணத்தில் டிரம்பைப் பற்றி இருந்த பரபரப்பான தகவல்கள் பல, சோதித்தபோது நிற்கவில்லை. அதையொட்டி எழுதிய இரண்டு கட்டுரைகளின் பகுதிகளை வாஷிங்டன் போஸ்ட் 2021இல் நீக்கியது.

மூன்றாவது, 2020 அக்டோபரில் பைடனின் மகன் ஹன்டரின் மடிக்கணினி பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதிய செய்தி. ட்விட்டர் அதன் இணைப்பைப் பகிரவே விடாமல் தடுத்தது. ரஷ்யாவின் கைவரிசை போலத் தெரிகிறது என்று உளவுத்துறையின் முன்னாள் அதிகாரிகள் 51 பேர் கடிதம் எழுத, பல ஊடகங்கள் அந்தக் கடிதத்தையே செய்தியாக்கின. 2022 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அதிலிருந்த மின்னஞ்சல்களில் பலவற்றை உண்மையானவை என்று எழுதின. இந்தத் தரப்பின் தவறு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: சொல்வதில் பொய் இருப்பதைவிட, எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில் சார்பு இருக்கிறது. பைடனின் முதுமை அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வாக்காளர்கள் நீண்ட நாட்களாகவே கவலைப்பட்ட விஷயம், 2024 ஜூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறுவதை நாடே பார்த்த பிறகுதான் அந்தச் சேனல்களில் தலைப்புச் செய்தியானது. 24 நாட்களில் அவர் போட்டியிலிருந்து விலகினார்.

இருந்தாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சி.பி.எஸ். தானே குழு அமைத்து விசாரித்து அறிக்கையை வெளியிட்டது, வாஷிங்டன் போஸ்ட் தன் கட்டுரைகளைத் தானே திருத்தியது. ஃபாக்ஸின் உள்செய்திகள் வழக்கு இல்லாமல் வெளியே வந்திருக்காது.

விவாதத்தின்போது நெறியாளர் குறுக்கிட்டு "அது தவறு" என்று சொல்லலாமா?

விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் பேசி முடிவு செய்கிறார்கள். 2012 அக்டோபரில் லிபியாவில் தூதர் கொல்லப்பட்ட தாக்குதலைப் பற்றி ஒபாமாவும் ராம்னியும் மோதிக்கொண்டபோது, நெறியாளர் கேண்டி கிரௌலி அங்கேயே ஒபாமா சொன்னதை உறுதிப்படுத்தினார். குடியரசுக் கட்சியினர் இன்றும் அதை மறக்கவில்லை. 2024 ஜூனில் சி.என்.என். நெறியாளர்கள் யாரையும் திருத்தாமல் கேள்வி மட்டும் கேட்டார்கள், ஜனநாயகக் கட்சியினர் திட்டினார்கள். செப்டம்பர் 10 அன்று ஏ.பி.சி. நெறியாளர்கள் டிரம்பைச் சில இடங்களில் திருத்தினார்கள், குடியரசுக் கட்சியினர் திட்டினார்கள். ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிகள் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்று ஒருவர் சொல்லும்போது, நகர நிர்வாகத்திடம் விசாரித்தோம், அப்படி நம்பத்தக்க புகாரே இல்லை என்று சொல்வது நெறியாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இருவரையும் ஒரே கண்டிப்போடு திருத்தினால்தான் அது செல்லும்.

பத்திரிகைகள் "இவருக்கு வாக்களியுங்கள்" என்று தலையங்கம் எழுதுவது எடுபடுகிறதா?

அதிபர் தேர்தலில் அவ்வளவாக இல்லை. 2016இல் பெரிய நாளிதழ்கள் ஏறக்குறைய எல்லாமே ஹிலாரி கிளின்டனை ஆதரித்தன, முடிவு தெரிந்ததுதான். 2024இல் வாஷிங்டன் போஸ்ட் யாரையும் ஆதரிக்காது என்று உரிமையாளர் ஜெஃப் பெஸோஸ் முடிவு செய்தார், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸிலும் உரிமையாளர் அதையே செய்தார். கொள்கையாகப் பார்த்தால் தவறில்லை. ஆனால் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் தயாராகிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு என்பதால் வாசகர்கள் பொங்கினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் போஸ்ட்டின் இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். ஃபாக்ஸ் பற்றிய பதிலில் பார்வையாளர்களிடம் பார்த்த அதே பிடி, இங்கே மறுபக்கத்து வாசகர்களின் கையில்.

கேபிள் சேனல்தான் கட்சி சார்ந்தது, உள்ளூர்ச் செய்தியை நம்பலாம் இல்லையா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் உள்ளூர் நிலையத்தின் உரிமையாளர் உள்ளூரில் இருப்பதில்லை. 2018இல் சின்கிளேர் நிறுவனம், நாடெங்கும் உள்ள தன் நிலையங்களின் செய்தி வாசிப்பாளர்களுக்கு ஒரே உரையை அனுப்பி வாசிக்கச் சொன்னது. பொய்ச் செய்திகள் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்பது அதன் சாரம். யாரோ அவற்றைத் தொகுத்து, பல ஊர்களின் வாசிப்பாளர்கள் ஒரே வாக்கியத்தை ஒரே குரலாக ஒப்பிப்பதைக் காணொளியாக்கினார்கள். உரையில் தவறான தகவல் என்று ஒன்றும் இல்லை. அன்றாடம் வானிலை சொல்லும் பழகிய முகத்தின் வழியே மேலிடத்துக் குரல் வந்ததுதான் சங்கடம்.

கமலா ஹாரிஸ் நம் ஊர்ப் பெண் என்பதால் தமிழ் ஊடகங்கள் சொல்வது சரியாகத்தானே இருக்கும்?

அவருடைய தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து அமெரிக்கா சென்றவர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2020இலும் 2024இலும் அந்த ஊர்க் கோயிலில் நடந்த வழிபாடு நம் சேனல்களில் மட்டுமல்ல, அமெரிக்கச் சேனல்களிலும் வந்தது. பாசம் இயல்பு. ஆனால் 2024இல் டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளும் ஹாரிஸ் 226ம் பெற்றபோது, அவர் வென்றே தீருவார் என்ற தொனியில் இங்கே வந்த செய்திகளை நம்பியிருந்தவர்கள்தான் அதிகம் திகைத்தார்கள். சொந்தம் கொண்டாடுவதும் ஒரு சார்புதான்.

அதிபர் நினைத்தால் பிடிக்காத சேனலைத் தண்டிக்க முடியுமா?

அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நேரடியாகத் தடை செய்வதைத் தடுக்கிறது. சுற்று வழிகள் உண்டு. நிக்சன் காலத்திலேயே, வாட்டர்கேட் ஊழலைத் துருவிய வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத்தின் ஃபுளோரிடா தொலைக்காட்சி உரிமங்களுக்கு இடையூறு செய்வது பற்றிப் பேசிக்கொண்டார்கள். 2009இல் ஒபாமா நிர்வாகம் ஃபாக்ஸைச் செய்தி நிறுவனமாகவே கருதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி மோதியது. மற்ற நிறுவனங்களின் செய்தியாளர்கள் ஃபாக்ஸுக்குத் துணை நின்றார்கள்.

2025இல் இவை கூடிவிட்டன. மெக்சிகோ வளைகுடாவின் பெயரை மாற்றி எழுத மறுத்ததற்காக அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் அதிபரின் அலுவலக நிகழ்வுகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 110 கோடி டாலரை நாடாளுமன்றம் ஜூலையில் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் பிரெண்டன் கார் எச்சரித்த நிலையில், நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏ.பி.சி. நிறுத்தியது, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது. ஒபாமா காலத்து மோதலோடு இதைச் சமன்படுத்த என்னால் முடியவில்லை. அது சண்டை, இது உரிமத்தையும் நிதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது.

கடைசியாக ஒன்று: ஏற்கெனவே மனம் முடிவு செய்தவர்கள்தான் இவற்றைப் பார்க்கிறார்கள், அப்புறம் ஊடகத்தால் வாக்கு மாறுமா?

கொஞ்சம் மாறும், நெருக்கமான தேர்தலில் அந்தக் கொஞ்சமே போதும். ஃபாக்ஸ் தொடங்கிய புதிதில் சில ஊர்களின் கேபிளில் வந்தது, சில ஊர்களில் வரவில்லை. அதைப் பயன்படுத்தி ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, ஈதன் கப்லான் ஆகிய பொருளியலாளர்கள், ஃபாக்ஸ் வந்த ஊர்களில் 2000ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் வாக்கு 0.4 முதல் 0.7 விழுக்காட்டுப் புள்ளி வரை கூடியது என்று 2007இல் கணக்கிட்டார்கள். ஃபுளோரிடாவின் 537 வாக்குகளை இதோடு வைத்துப் பாருங்கள்.

மறுதிசையிலும் ஒரு சோதனை நடந்தது. 2020 செப்டம்பரில், ஃபாக்ஸை வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, ஒரு மாதம் சி.என்.என். பார்க்கச் சொன்னார்கள் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள். கொரோனா, அஞ்சல் வாக்கு போன்றவற்றில் அவர்களுக்குத் தெரிந்த தகவல்கள் மாறின. ஃபாக்ஸ் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறது என்ற எண்ணமும் சிலரிடம் வந்தது. டிரம்பைப் பற்றிய மதிப்பீடுகூடச் சற்று அசைந்தது. மாதம் முடிந்து பணம் நின்றதும் பெரும்பாலோர் ஃபாக்ஸுக்கே திரும்பிவிட்டார்கள், மாற்றங்களில் பெரும்பகுதியும் மங்கிவிட்டது. எம்.எஸ்.என்.பி.சி. ரசிகர்களுக்குப் பணம் கொடுத்து ஃபாக்ஸ் பார்க்க வைத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அதுவும் இப்படித்தான் முடியும் என்பது என் ஊகம்.